தூங்காத மஞ்சக் காரு

உக்காருங்க தம்பி, ஆருமில்ல. பூப்போட்ட பையப் பாத்து யோசிக்காதீங்க, ஆளு நான் ஒருத்தன்தான். எங்கூட்டுக்காரி பையிங்க. அவ இந்த பஸ்ல வல்ல. அது ஒரு தனிக் கதை. நீங்களும் பழனிக்குங்களா? நான் மொட்டை போடறதுக்குப் போறேன்.

கேட்டீங்களா இந்த பஸ்ஸு ஆரன? உக்கடம் பஸ் ஸ்டாண்டுல எடுத்ததுலருந்து கேட்டுட்டு வர்றேன், சளி புடிச்ச ஆடு கத்தறாப்ல இருக்குது. ஆரன் நல்ல ஆரன்தானுங்க, எர்த் சரியில்ல. போல்ட்டக் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டுனா அஞ்சு நிமிசச் சோலி. டிரைவர்கிட்டப் போயிச் சொன்னேன். "உக்காருங்க பெரியவரே"ங்கறான். பெரியவராமா! எனக்கு அம்பத்தாறுதானுங்க ஆகுது.

நாச்சிமுத்துங்க என்ற பேரு. கோயமுத்தூரு கணபதில நாச்சி ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்னு ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க. முப்பத்திமூணு வருசமா வண்டி ஒயரிங்தான் பொழப்பு. லாரி, பஸ்சு, டிராக்டரு, எல்லாம் பாத்தாச்சு. ஒயர் பொய் சொல்லாது தம்பி. மனுசன் சொல்லுவான், ஒயர் சொல்லாது. இத எழுதி வெச்சுக்குங்க.

மொட்டை எதுக்குன்னு கேக்கறீங்களா? ஒரு காருக்கு வேண்டுதலுங்க. சிரிக்காதீங்க. என்ற காரு இல்ல, எனக்கேதுங்க காரு. சௌந்தரம்மாவோட காரு.

சௌந்தரம்மா வெட் கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்கறவிய. அம்பத்தெட்டு வயசு. வூட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவியள ஸ்டியரிங்கத் தொட உட்டதில்ல. "உனக்குக் கிரைண்டர் ஓட்டத் தெரிஞ்சாப் பத்தாதா, காரு வேற ஓட்டோணுமா"ம்பாராமா. அவர் போயிச் சேந்து ரெண்டு வருசங் கழிச்சு, இந்தம்மா கம்பெனி டெம்போவுல கிரைண்டர் பொட்டிய ஏத்திட்டே வண்டி பழகுனாங்க. பழகி என்ன வாங்கலாமுங்க ஒரு மனுசி? ஒரு மாருதியோ கீருதியோ வாங்கலாம். வாங்குனது ஸ்போர்ட்ஸ் கார்! வெளிநாட்டு வண்டி. கம்பெனி பேரு எதுக்குங்க, நமக்கெதுக்கு வம்பு. மாரியம்மன் நோம்பிச் சேலையாட்டம் மஞ்சக் கலரு. தரையோட தரையாக் கெடக்கும். ரெண்டே சீட்டு. பின்னாடி ஒரு கைக்கொழந்தைய உக்கார வெக்கக்கூட எடமில்ல.

வாங்கி அஞ்சு மாசம். ஓடுனது முன்னூறு கிலோமீட்டரு. ஏன்னா கெளம்பறதில்ல. ரெண்டு நாள் நின்னா மூணாம் நாளு பேட்டரி செத்துப்போயிரும். கதவுகூடத் தெறக்காது. கம்பெனிக்காரன் பெங்களூருலருந்து லாரி அனுப்பி வண்டியத் தூக்கிட்டுப் போயி, ஒரு மாசம் லேப்டாப்ப மாட்டிப் பாத்துப்போட்டு, புதுப் பேட்டரியும் போட்டு, 'கோளாறு இல்லை'ன்னு காயிதம் வெச்சு அனுப்பிட்டான். வூட்டுக்கு வந்த மூணாம் நாளு திரும்பச் செத்துப்போச்சு.

அவிய பையன் நிரஞ்சன். நல்ல பையந்தான், ஆனா கணக்குப் பாக்கற ஆளு. "அம்மா, ஷெட்ல நிக்கறதுக்கு எதுக்கு காரு, கொச்சில ஒருத்தர் கேக்கறாரு, குடுத்தர்லாம்"ன்னு சொல்லிட்டான். அந்தக் கொச்சிக்காரர் அடுத்த வாரந் திங்கக்கிழமை வர்றாருன்னு நாளும் குறிச்சாச்சு. அப்பத்தான் அம்மா எனக்கு ஆளனுப்புனாங்க.

"நாச்சிமுத்து, எட்டு நாள் இருக்குது. என்ன கோளாறுன்னு கண்டுபுடிச்சுச் சொல்லீரு. அந்த வண்டில உக்காந்தா எனக்கு என்ற வயசே மறந்துபோயிருதப்பா. அத விக்கச் சொல்றானே"ன்னாங்க. எத்தன பேருக்குப் படியளக்கற மனுசி! எனக்கு மனசு கேக்கலீங்க. "விக்க உடமாட்டேனுங்கம்மா, ஒயர் பொய் சொல்லாது"ன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

இந்தக் காலத்து வண்டியப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். இதுக்குள்ள நாப்பது அம்பது கம்ப்யூட்டர் பொட்டி இருக்குதுங்க. கதவுக்கு ஒண்ணு, சீட்டுக்கு ஒண்ணு, வெளக்குக்கு ஒண்ணு. நீங்க வண்டியப் பூட்டிட்டுப் போனா, கால் மணி நேரத்துல ஒவ்வொண்ணாத் தூங்கிப்போடோணும். ஒரு வூட்ல எல்லாரும் படுத்த பொறவு ஒருத்தன் மட்டும் முழிச்சுட்டு ஃபேனு, டிவி, லைட்டு எல்லாம் போட்டுட்டு உக்காந்திருந்தா கரண்டு பில்லு என்னாகும்? அந்தக் கதைதான். ஆரோ ஒருத்தன் தூங்காம இருக்கான். அவன் ஆருன்னு கண்டுபுடிக்கறதுதான் நம்ம சோலி.

மொத நாளு போயி மீட்டர வெச்சேன். தூங்கற வண்டி முப்பது மில்லி ஆம்பியர் இழுக்கலாம், சரி, அம்பதுகூட இழுக்கலாம். இது மூணு ஆம்பியர் இழுக்குது. அரை மணி நேரம் நின்னேன். ஒரு மணி நேரம் நின்னேன். எறங்கவே மாட்டீங்குது. கார்ச் சாவி பத்திரமா என்ற சட்டைச் சோப்புலயே இருக்குது. ஆரும் வண்டியத் தொடல. இருந்தும் எறங்கல. சரி, உள்ளதான் ஒயர் எங்கியோ ஒரசுதுன்னு முடிவு பண்ணி, ஒவ்வொரு பியூசாப் புடுங்கிப் பாத்தேன். ஒண்ணும் புரியல. பொறவு சீட்டு ரெண்டையும் கழட்டுனேன். கீழ இருக்கற கார்ப்பெட்டத் தூக்குனேன். ஒயர்க் கட்டு ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். நிரஞ்சன் வெளிய போறப்ப எட்டிப் பாத்துட்டு, "அண்ணா, திரும்ப மாட்டிருவீங்கல்ல?"ங்கறான். குசும்பப் பாத்தீங்களா!

சாயங்காலம் வூட்டுக்குப் போயி எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். மயிலாத்தா அவ பேரு. கடைல பில்லு போடறது, ஸ்பேர் வாங்கறது, வர்றவங்ககிட்ட நாயம் பேசறது எல்லாம் அவதான். "ஒரு மணி நேரம் பக்கத்துலயே நின்னும் தூங்க மாட்டீங்குது மயிலு"ன்னேன். "நீங்க பக்கத்துல நின்னா ஆருக்குத்தானுங்க தூக்கம் வரும்"னா. என்ன லொள்ளு பாருங்க. நான் கொறட்டை உடறதச் சொல்றாளாமா.

அடுத்த நாளு வண்டியக் கடைக்கே கொண்டாந்துட்டேன். ரெண்டு நாளு நிறுத்துனேன். சாவிய வூட்ல ஆணில மாட்டிப்போடுவேன், வூடு மூணு தெரு தள்ளி. காத்தால வந்து அமுக்குனா, சும்மா சிங்கமாட்டம் கெளம்புது! ரெண்டு நாளும் கெளம்புச்சு. என்ற கைபட்டுச் சரியாயிருச்சுன்னு நெனச்சு, புதங்கெழமை அம்மாவூட்ல கொண்டுபோயி உட்டேன். அம்மா எனக்கு அல்வாவெல்லாம் குடுத்தாங்க. வெள்ளிக்கெழம காத்தால போன் வருது. "நாச்சிமுத்து, செத்துக் கெடக்குதப்பா"ன்னு. தின்ன அல்வா செமிக்கறதுக்குள்ள மீட்டரத் தூக்கிட்டு ஓடுனேனுங்க.

ஆக, கோளாறு வண்டில இல்ல, அவிய வூட்லதான். இத நானே கண்டுபுடிச்சேன், பாத்துக்குங்க. போர்ட்டிகோ இரும்புக் கூரைல கரண்டு கசியுதான்னு பாத்தேன். இன்வெர்ட்டர நிறுத்தச் சொன்னேன். கேட்டுல இருக்கற கேமராவக் கழட்டச் சொன்னேன். அம்மா பாவம், வூட்ல ஏசியில்லாம வேத்து ஊத்த உக்காந்திருந்தாங்க. இதுக்கு நடுவுல நிரஞ்சன் பொண்டாட்டி ஒரு வாஸ்துக்காரரக் கூட்டியாந்துட்டா. அவரு காம்பஸ்ஸ வெச்சுப் பாத்துப்போட்டு, வண்டி மூஞ்சி தெக்க பாக்குது, கெழக்க பாக்கோணும்னாரு. செத்த வண்டிய நாங்க ஆறு பேரு சேந்து கெழக்க பாக்கத் தள்ளுனோம். நான் பேட்டரிக்கு சார்ஜ் போட்டேன். கெரகம், வேற என்ன பண்றது.

அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு கொண்டாந்தா மயிலாத்தா. வந்தவ சும்மா இருப்பாளா? வெள்ளிக்கெழமைன்னு சொல்லி அம்மாவோட சாமி ரூமுக்குப் போயிக் கும்புட்டுட்டு வந்தா. அந்த சாமி ரூமு எங்க இருக்குது? போர்ட்டிகோச் செவுத்துக்கு அந்தப் பக்கம். வந்து மெதுவா என்ற காதுல, "ஏனுங்க, முருகன் படத்துக்கு முன்னால ஒரு கார்ச் சாவி இருக்குதுங்க. சந்தனமும் குங்குமமும் வெச்சு"ன்னா.

"அது ரெண்டாவது சாவி. வண்டி வந்த அன்னைக்குப் பூஜை போட்டு சாமி காலடில வெச்சது. அம்மாவே சொன்னாங்க"ன்னேன்.

"இல்லீங்க, அது செவுத்துக்கு அந்தப் பக்கமே..."

"சாமி ரூம்ல சாவி இருந்தா உனக்கென்ன, கொழாய் இருந்தா உனக்கென்ன. நான் இங்க ஒயர்ல உசுர உட்டுட்டிருக்கறேன். போயி ரசத்த ஊத்து"ன்னேன். வேல செய்யறப்பப் பொம்பளைங்க இப்படித்தானுங்க, தொணதொணன்னு.

அவ ரசத்த ஊத்துனா. பொறவு நேரா அம்மாகிட்டப் போயி, "அம்மா, அந்தச் சாவியக் குடுங்க. மருதமலைக்குக் கொண்டுபோயி முருகன் காலடில வெச்சு வாங்கிட்டு வர்றேன். திங்கக்கிழமை கொண்டாந்து குடுத்தர்றேன்"னா. அம்மாவுக்கு ஒரே சந்தோசம். மஞ்சத்துணில முடிஞ்சு குடுத்தாங்க. எனக்கும் அது நல்ல ரோசனையாத்தான் பட்டுது. நானும் சாமி ரூமுக்குப் போயி, "பழனியாண்டவா, இந்த வண்டி மட்டும் கெளம்பிருச்சுன்னா உனக்கு மொட்டை போடறேன்"னு வேண்டிட்டேன். ஆனா தம்பி, சாமிய மட்டும் நம்பி நான் உக்காரல. அன்னைக்குச் சாயங்காலமே சீட்டுக்குப் பின்னாடி ஒரு எர்த் போல்ட்டுக் கொஞ்சம் லூசா இருந்தத நானே கண்டுபுடிச்சு முறுக்குனேன். வண்டிச் சாவியக் கையோட கொண்டுபோயி அம்மாகிட்ட மாடில குடுத்துட்டு வந்தேன்.

சனிக்கெழம கெளம்புச்சு. ஞாயித்துக்கெழம கெளம்புச்சு. திங்கக்கிழமையும் கெளம்புச்சு!

கொச்சிக்காரர் வந்து காப்பி குடிச்சுட்டு உக்காந்திருக்காரு. வாஸ்துக்காரர் வந்தாச்சு. நான் இருக்கறேன், மயிலாத்தா கேட்டுப் பக்கத்துல இந்தப் பையோட நிக்கறா. அம்மா வண்டிய உறும உட்டாங்க பாருங்க, பக்கத்து வூட்டு நாயெல்லாம் ஓடிப்போச்சு. அம்மா மூஞ்சியப் பாக்கோணுமே! ஆனா நிரஞ்சன் அசையல. "இன்னைக்குக் கெளம்புச்சு. நாளான்னிக்கு? போன வாரமும் இப்படித்தான் சொன்னீங்க. ஏன் செத்துச்சு, இப்ப ஏன் பொழச்சுச்சு, அத ஆராச்சும் சொல்லுங்க. சொல்லிட்டா விக்கல. இல்லீன்னா இன்னைக்கே குடுத்தர்றேன்"னான்.

"கெழக்க பாக்குதல்லீங்களா"ன்னாரு வாஸ்துக்காரர். "எர்த் போல்ட்டு"ன்னேன் நான். "முருகன்"னாங்க அம்மா. கெழக்க பாக்கற வண்டியெல்லாம் கெளம்புமான்னு நிரஞ்சன் அவரக் கேட்டான். அந்த போல்ட்டு போன வாரங் கடைலயும் லூசாத்தான இருந்துச்சு, அப்ப எப்படிக் கெளம்புச்சுன்னு என்னையக் கேட்டான். சுருக்குனு இருந்துச்சுங்க. அம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு. வண்டிச் சாவிய எடுத்து மேசை மேல கொச்சிக்காரர் பக்கமா வெச்சாங்க.

அப்ப மயிலாத்தா வந்தா. பையத் தொறந்து மஞ்சத்துணிய எடுத்தா. "அம்மா, என்ன மன்னிச்சுக்கோணும். நான் மருதமலைக்கே போகல. இந்தச் சாவி மூணு நாளா எங்கூட்ல அரிசி டப்பா மேலதான் இருந்துச்சு"ன்னா.

எனக்கு வந்த கோவத்துக்கு! சாமி காரியத்துல பொய் சொல்லிப்போட்டாளேன்னு.

"வண்டிக்குச் சாவி கிட்ட வந்தாலே தெரிஞ்சுருமாமுங்க. கையில எடுக்காமயே கதவு தெறக்குதல்லோ? செவுத்துக்கு அந்தப் பக்கம் அஞ்சு மாசமா ஒரு சாவி இருக்குது. எசமானி வந்துட்டாங்க, வந்துட்டாங்கன்னு அது முழிச்சே கெடக்குது. எப்படித் தூங்கும்? பெங்களூருக்குப் போனப்பத் தூங்குச்சு. எங்க கடைல தூங்குச்சு. அங்கெல்லாம் இந்தச் சாவி போகலியே"ன்னா. எல்லாரும் அவளயே பாக்கறாங்க.

நான் சும்மா இருப்பனா? "வாயில சொன்னாப் பத்தாது, மீட்டர் சொல்லோணும்"ன்னு எடுத்து மாட்டிட்டேன். ஆமாங்க, மீட்டர வெச்சது நான்தான், அது முக்கியம். மேசை மேல இருந்த சாவியும் மஞ்சத்துணிச் சாவியும் ரோட்டு மொனைக்குப் போயாச்சு, நிரஞ்சன் பொண்டாட்டி கையில. கால் மணி நேரம். மூணு ஆம்பியர், ரெண்டு, ஒண்ணு... முப்பது மில்லி ஆம்பியர். தூங்கிருச்சு! மஞ்சத்துணிச் சாவியக் கொண்டாந்து சாமி ரூம்ல வெக்கச் சொன்னேன். முள்ளு துள்ளிக்கிட்டு மூணு ஆம்பியருக்குப் போவுது! எடுத்துட்டுப் போனா எறங்குது. வெச்சா ஏறுது. மூணு தடவ பாத்தோம். கொச்சிக்காரர் கை தட்டறாரு.

மொத நாளு நான் ஒரு மணி நேரம் பக்கத்துலயே நின்னப்ப வண்டிச் சாவி எங்க இருந்துச்சுன்னு நீங்க கேக்காதீங்க. மயிலாத்தா கேட்டா. எல்லார் முன்னாலயும் கேட்டா. "சட்டைச் சோப்புல"ன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேனுங்களே, நீங்க பக்கத்துல நின்னா அது தூங்காதுன்னு"ங்கறா. வாஸ்துக்காரர் சிரிச்ச சிரிப்பு இருக்குதே, அவருக்கென்னங்க சிரிப்பு?

அம்மா எந்திரிச்சு வந்து மயிலாத்தாவக் கட்டிப் புடிச்சுட்டாங்க. அழுகறாங்க, சிரிக்கறாங்க. நிரஞ்சன், "இனி விக்கறதுங்கற பேச்சே இல்லீங்கம்மா"ன்னுட்டான். கொச்சிக்காரர் வெறுங்கையோட போகலீங்க, அம்மா அவருக்கு ஒரு கிரைண்டர வித்துத்தான் அனுப்புனாங்க.

"அப்பச் சாவியப் பீரோவுல வெச்சுருங்க"ன்னேன் நான். அம்மா மாட்டேன்னுட்டாங்க. சாமி காலடில வெச்சத எடுக்கறதாவதுன்னு. பொறவு மயிலாத்தா சமையக்கட்டுக்குப் போயி, இறுக்கமா மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒண்ணு கொண்டாந்தா. சாவிய உள்ள போட்டு மூடி, முருகன் முன்னால வெச்சா. நான் மீட்டரப் பாத்தேன். முள்ளு அசையல. டப்பாவுக்குள்ள போயிட்டா வண்டிக்குக் கேக்காதுங்க. சாமிக்குச் சாமியுமாச்சு, வண்டிக்குத் தூக்கமுமாச்சு. இந்த மீட்டர் சோதனையும் நான்தான் பண்ணேன்.

அம்மா மொதல் தூரப் பயணம் பழனிக்குத்தான்னு சொல்லிட்டாங்க. எனக்கும் வேண்டுதல் இருக்குது. காரணம் சாவியோ போல்ட்டோ, வேண்டுனது வேண்டுனதுதானுங்களே. இன்னைக்குக் காத்தால குளிச்சு, புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெயும் வெச்சு, எப்படியும் எடுக்கப்போற மசுருதான், இருந்தாலும் வெச்சு, வாசல்ல நின்னனுங்க. மஞ்சக் காரு வந்து நின்னுச்சு. தெருவே வந்து பாக்குது. அந்தப் பக்கத்துக் கதவு தெறந்துச்சு. "ஏறு மயிலு"ங்கறாங்க அம்மா.

"நான் எங்கீங்கம்மா உக்கார்றது?"ன்னேன்.

"வண்டில ரெண்டு சீட்டுத்தான் நாச்சிமுத்து. உனக்குத் தெரியாததா, ரெண்டையும் நீதான கழட்டுன. கண்டுபுடிச்சவிய ஏறட்டும்"ங்கறாங்க.

நானும் சொல்லிப் பாத்தேன், மீட்டர வெச்சது நான்தான்னு. இவ இந்தப் பைய என்ற கையில குடுத்துட்டு ஏறிட்டா. காலடில பை வெக்க எடமில்லியாமா. இதுக்குள்ளதான் அந்தச் சாவி டப்பா இருக்குது. மருதமலைல வெக்கறேன்னு பொய் சொன்னதுக்குப் பழனிலயாவது வெக்கோணுமாமா. அவிய வழில பொள்ளாச்சில டிபன் சாப்புட்டுட்டுத்தான் வருவாங்களாம். எனக்கு உக்கடத்துல ஒரு வடை.

அட, மடத்துக்குளம் தாண்டிட்டமா? இருங்க, அந்தச் சத்தம் கேக்குதுங்களா? பின்னாடி? அதுதான், அதுதான்! தலைய நீட்டாதீங்க தம்பி, கண்ணாடி வழியாவே பாருங்க. வர்றாங்க பாருங்க! மஞ்சக் காரு! அம்மா ஓட்டறதப் பாருங்க, எப்படி ஓட்டறாங்க! அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவதான் மயிலாத்தா. அடப்பாவி, கூலிங் கிளாஸ் போட்டிருக்கா! அது எப்ப வாங்குனா? கை காட்டறா பாருங்க. நானும் காட்டறேன். மயிலு! இங்க! இந்த ஜன்னலு!

முப்பது வருசமா என்ற டிவிஎஸ்ல பின்னாடியே உக்காந்து வந்தவ தம்பி. ரோட்ட எங்க பாத்திருக்கா, என்ற முதுகத்தான் பாத்திருக்கா. இன்னைக்கு எப்படிப் போறா பாருங்க. வகுத்தெரிச்சல் இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா சந்தோசந்தான் சாஸ்தியா இருக்குதுங்க.

அண்ணே! டிரைவரண்ணே! ஒரு ஆரன் அடிங்க! அந்த மஞ்சக் காருக்குத்தான், என்ற பொண்டாட்டி போறா, நல்லா ஒண்ணு அடிங்க!

ம்க்கும். கேட்டீங்களா? அது அவளுக்கு எங்க கேக்கப்போவுது. எர்த்துன்னு உக்கடத்துலயே சொன்னேன், காதுல வாங்குனானா? தெரிஞ்சவங்க ஒண்ணு சொன்னா, ஒடனே கேட்டுக்கோணுமுங்க தம்பி.